முதலில் சுவர், அப்புறம் டிரில்: வீட்டுக்குக் கார்ட்லெஸ் டிரில் வாங்கப் போகிறவர்களுக்கு

வாடகை வீட்டில் இருந்தவரை டிரில் மிஷினுக்கு வேலையே இருக்கவில்லை. ஓர் ஆணி அடிப்பதென்றாலும் ஹவுஸ் ஓனரிடம் கேட்க வேண்டும். சொந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம் ஜன்னல் திரை மாட்ட வேண்டியிருந்தது. ஆன்லைனில் தேடியதில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு பெட்டி கண்ணில் பட்டது. டிரில், இரண்டு பேட்டரி, ஐம்பதுக்குக் குறையாத பிட்கள் (துளை போடவும் திருகவும் மிஷின் வாயில் மாட்டும் முனைகள்), சின்னச் சுத்தியல், கையுறைகூட உள்ளே இருந்தது. பேட்டரி மேல் '48 வோல்ட்' என்று பெரிய ஸ்டிக்கர். வேறென்ன வேண்டும்?

ஜன்னலுக்கு மேலே பென்சிலால் புள்ளி வைத்து அழுத்தினேன். பூச்சு வரைக்கும் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. அப்புறம் நின்றுவிட்டது. பத்து நிமிடம் ஏணியில் நின்று மூச்சைப் பிடித்துத் தள்ளியும் அரை சென்டிமீட்டர்கூட நகரவில்லை. பிட் முனை நீலம் பாய்ந்திருந்தது, பேட்டரியைத் தொட முடியவில்லை. மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் சுவரை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "சார், இது லிண்டல். இதுக்கு அந்த மிஷின் ஆகாது" என்றார். ஒயர் சுற்றிய தன் பழைய மிஷினை எடுத்து நாலு துளையையும் போட்டுவிட்டு, நான் கொடுத்த டீ ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார்.

என் டிரில் மட்டமானது என்பது உண்மைதான். ஆனால் நல்ல கம்பெனியின் 12 வோல்ட் டிரில் கையில் இருந்திருந்தாலும் அந்த இடத்தில் அது திணறியிருக்கும். நான் மிஷினைப் பற்றி இரண்டு நாள் படித்தேன், சுவரைப் பற்றி இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அதனால் இந்தக் கட்டுரை சுவரிலிருந்து தொடங்குகிறது.

முதல் படி: உங்கள் சுவர் என்ன சுவர்?

நம் ஊர் வீடுகளில் செங்கல் சுவர் அதிகம் என்றாலும் அது முழுக்கச் செங்கல் இல்லை. தூண், பீம், கூரைத் தளம் எல்லாம் கம்பி கட்டிய காங்கிரீட். இவை கண்ணுக்குத் தெரியும், அல்லது ஊகிக்க முடியும். மாட்டிவிடுவது லிண்டல்தான். கதவு, ஜன்னலின் தலைக்கு மேலே, வழக்கமாகத் தரையிலிருந்து ஏழு அடியில் தொடங்கி அரை அடி கனத்துக்கு ஒரு காங்கிரீட் பட்டை இருக்கும். ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் அரை அடியாவது சுவருக்குள் நீண்டிருக்கும். நிறைய வீடுகளில் எல்லாச் சுவரையும் சுற்றி ஒரே பட்டையாக ஓட்டிவிடுவார்கள். திரைக்கம்பியின் பிராக்கெட் எங்கே வரும்? சரியாக அந்த அரை அடிக்குள். வீட்டில் போடும் முதல் துளையே இருப்பதில் கடினமான இடத்தில் விழுவது இப்படித்தான். பிராக்கெட்டை ஏழரை அடிக்கு மேலே ஏற்றிவிட்டால் பெரும்பாலும் செங்கல் கிடைக்கும். திரையை அரை அடி நீளமாகத் தைக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சுவரின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய, கண்ணில் படாத ஒரு மூலையில், அலமாரிக்குப் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சின்னத் துளை போட்டு வெளியே வரும் தூளைப் பாருங்கள். முதல் 12, 15 மி.மீ. வரை சாம்பல் நிறத்தில் மணல் கலந்த தூள் வரும். அது பூச்சு. எல்லாச் சுவரிலும் இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதற்குப் பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் தூள் தொடர்ந்து வந்து பிட்டும் சுலபமாக இறங்கினால் ஃப்ளை ஆஷ் செங்கல். வெளிர் நிறத்தில் மாவுபோல உதிர்ந்தால் ஏ.ஏ.சி. பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான கல். சில மிஷின்கள் பிட்டைச் சுற்றிக்கொண்டே முன்னோக்கி இடிக்கவும் செய்யும்; இதற்கு அந்தச் சுத்தியல் அடியே தேவையில்லை, வெறும் சுழற்சி போதும். திடீரென்று பிட் உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக், கோவைப் பக்கம் இது சகஜம். சாம்பல் தூள் மிக நைசாக, துளித்துளியாக வந்து, மிஷின் கையில் கத்தினால் காங்கிரீட்.

புதிய அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மைவான் என்று பில்டர்கள் சொல்லும் முறையில் அலுமினிய அச்சுப் பலகைகளை நிறுத்திச் சுவரையும் தளத்தையும் சேர்த்தே காங்கிரீட்டால் வார்த்துவிடுவார்கள். செங்கல் என்பதே இருக்காது. வீடு முழுக்க லிண்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீடு இந்த வகையா என்று அசோசியேஷனில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆம் என்றால், சுவரில் துளை போட விலை குறைந்த கார்ட்லெஸ் வாங்கும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். சுவர் வேலைக்கு ஒயர் உள்ள ரோட்டரி ஹேமர் (காங்கிரீட்டைத் துளைக்கும் மிஷின், மூன்றாம் படியில் வருகிறது), திருகு வேலைக்குச் சின்னக் கார்ட்லெஸ் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதுதான் சரி.

பாட்டன் காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர் இதற்கு நேர் எதிர். சுத்தியல் அடி பட்டால் காரை பொலபொலவென்று கொட்டும். அங்கே அடியை அணைத்துவிட்டு, இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள காரையில் இல்லாமல் கல்லின் மேலேயே மெதுவாகத் துளை போட வேண்டும்.

இரண்டாம் படி: உண்மையில் என்ன வேலை இருக்கிறது?

ஒரு துண்டுக் காகிதத்தில் அடுத்த ஓராண்டில் செய்யப் போவதை எழுதுங்கள். நான் எழுதியபோது இப்படி வந்தது: ஆடிக்கொண்டிருக்கும் கிச்சன் கப்போர்டு கீல்கள், பிரித்து வரும் மேசை ஒன்றைப் பூட்டுவது, சாமி அலமாரி, மூன்று படம், குளியலறையில் துண்டுக் கம்பி, கதவுத் தாழ்ப்பாள், மாடியில் கொடிக் கம்பி. ஏழில் நான்கு வேலை சுவர் பக்கமே போகாதவை. திருகை இறுக்குவது, தளர்த்துவது, மரத்தில் துளை போடுவது, இவ்வளவுதான். பெரும்பாலான வீடுகளில் கணக்கு இப்படித்தான் இருக்கும். நாம் வாங்கப் போவது துளை போடவும் தெரிந்த ஒரு ஸ்க்ரூ டிரைவர் என்று நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: ஒரே மாதிரி தெரியும் நான்கு மிஷின்கள்

கடையில் துப்பாக்கிபோல் வரிசையாகத் தொங்குபவை எல்லாம் ஒன்று இல்லை.

டிரில் டிரைவர் சுழல மட்டும் செய்யும். மரம், தகரம், திருகு என்று எல்லாம் பார்க்கும். சுவரில் ஏ.ஏ.சி. பிளாக்கைத் தாண்டாது.

இதையே கொஞ்சம் மாற்றிச் சுத்தியல் அடியும் சேர்த்தால் இம்பேக்ட் டிரில், சிலர் ஹேமர் டிரில் என்பார்கள். உள்ளே பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றோடொன்று உரசி எகிறி எகிறி விழும். நிமிடத்துக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் அடிக்கும், ஆனால் ஒவ்வோர் அடியும் கொசுக்கடிதான். நாம் பின்னாலிருந்து அழுத்தினால்தான் வேலை நடக்கும். செங்கல்லில் 6, 8 மி.மீ. துளைக்கு இது போதும்.

ரோட்டரி ஹேமர் வேறு ஜாதி. உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று சுத்தியலை உந்தும். அடிகள் நிமிடத்துக்கு நான்காயிரம், ஐந்தாயிரம்தான், ஆனால் ஒவ்வொன்றும் இடி. அழுத்த வேண்டாம், பிடித்துக்கொண்டால் போதும், காங்கிரீட்டுக்குள் தானாக இறங்கும். பிட் மாட்டும் இடமும் மாறும். எஸ்.டி.எஸ். என்ற பள்ளம் வெட்டிய பிட் கேட்டு வாங்க வேண்டும்.

இம்பேக்ட் டிரைவர் என்ற பெயர்தான் எல்லோரையும் குழப்புவது. பெயரில் இம்பேக்ட் இருக்கிறதே, சுவரில் போடலாம் என்று வாங்கிவந்து ஏமாந்தவர்கள் உண்டு. இதன் அடி முன்னோக்கி விழாது, திருகும் திசையில் பக்கவாட்டில் விழும். நீளமான திருகுகளைக் கெட்டி மரத்தில் ஏற்றுவதற்கானது. ஆசாரிகளுக்கு உயிர். வீட்டில் முதல் மிஷினாக வாங்காதீர்கள்: காது கிழியும் சத்தம், திருகை அளவான இறுக்கத்தில் நிறுத்தும் கிளட்ச் கிடையாது, மெல்லிய பிளைவுட்டில் திருகுத் தலை ஒரு நொடியில் உள்ளே புதைந்துவிடும்.

செங்கல் வீடு என்றால் இரண்டாவது வகை. 12 வோல்ட் இம்பேக்ட் டிரில் ஒன்று இருந்தால் என் காகிதத்தில் எழுதிய எல்லாம் நடக்கும், மாடியில் தூணில் மாட்ட வேண்டிய கொடிக் கம்பி தவிர. அந்த ஒன்றுக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது மலிவு.

நான்காம் படி: வோல்ட் கணக்கு

இங்கேதான் ஸ்டிக்கர்கள் விளையாடுகின்றன, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இந்த பேட்டரிகளுக்குள் இருப்பவை விரல் கனத்துக்கு உருண்டையான லித்தியம் செல்கள். பரவலாக இருப்பதன் பெயர் 18650: விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. ஒரு செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். சார்ஜ் முழுதாக ஏறிய நேரத்தில் 4.2. மூன்று செல்லை வரிசையாகக் கோத்தால் 10.8 வோல்ட், முழு சார்ஜில் 12.6. இதைத்தான் 12 வோல்ட் என்று விற்கிறார்கள். ஐந்து செல் என்றால் 18 வோல்ட், முழு சார்ஜில் 21. ஆக ஒரு கம்பெனி 18 என்று போடுவதும், இன்னொன்று '20 மேக்ஸ்' என்பதும், வேறொன்று 21 என்பதும் ஒரே ஐந்து செல்தான். இருபத்தொன்றுக்கு மூன்று வோல்ட் பலம் கூடுதல் என்று நினைத்துப் பணம் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் 48? உண்மையான 48 வோல்ட்டுக்குப் பதின்மூன்று செல் வேண்டும். ஒரு செல் ஏறத்தாழ 45 கிராம். செல்கள் மட்டுமே அரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். என் பெட்டியில் வந்த பேட்டரியைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், கூடு உட்பட முந்நூறு கிராம்கூட இல்லை. அது செத்துப் போன பிறகு மூடியைக் கழற்றினேன் (நீங்கள் செய்ய வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் தவறிப் பட்டால் தீப்பிடிக்கும்). உள்ளே ஐந்து செல். வெளியே எழுதியிருந்தது வெறும் அலங்காரம். 48, 88, 98 என்று பெரிய எண் போட்ட டிரில் எதையும் கையில் எடுக்காதீர்கள் என்பது என் கட்சி. எண்ணிலேயே பொய் சொல்கிறவன் மோட்டாரில் மட்டும் உண்மை பேசுவானா?

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை வோல்ட் மட்டும் சொல்லாது. ஆம்ப்-அவர் என்ற இன்னோர் எண் இருக்கும்: 1.5, 2, 4. வோல்ட்டையும் இதையும் பெருக்கினால் வாட்-அவர் வரும். 18 வோல்ட், 2 ஆம்ப்-அவர் என்றால் 36 வாட்-அவர். 12 வோல்ட் பேட்டரிக்கு 10.8 கொண்டு பெருக்க வேண்டும். 1.5 ஆம்ப்-அவர் என்றால் 16.2 வாட்-அவர். இரண்டு கம்பெனியை ஒப்பிட இந்தக் கணக்கு ஒன்று போதும். ஒழுங்கான பேட்டரியின் அடியிலோ பக்கத்திலோ வாட்-அவர் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும், பெருக்கல் ஒத்துவருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, 12-ஆ 18-ஆ? 12 வோல்ட் மிஷின் பேட்டரியோடு ஒரு கிலோவை ஒட்டி இருக்கும், 18 வோல்ட் ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கம் போகும். கடையில் ஐந்து நிமிடம் பிடிக்கும்போது வித்தியாசம் தெரியாது. ஸ்டூலில் ஏறித் தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பத்துத் திருகு ஏற்றும்போது தெரியும். வீட்டில் எல்லோரும் எடுத்துப் புழங்க வேண்டும் என்றால் 12. தோட்டத்துக்கு ஒரு புல்வெட்டி, மரம் அறுக்க ஒரு ரம்பம் என்று பின்னால் அதே பேட்டரியில் இன்னும் மிஷின்கள் வாங்கும் யோசனை இருந்தால் 18.

ஐந்தாம் படி: பெட்டி மேல் இருக்கும் மற்ற எண்கள்

திருகு விசை நியூட்டன் மீட்டரில் போட்டிருக்கும். நல்ல 12 வோல்ட்டுக்கு 30 சுற்றி இருக்கும், குறைந்த விலை 18 வோல்ட்டுகள் 45 முதல் 60 வரை. வீட்டுக்கு 30 தாராளம்.

சக் என்பது பிட்டைக் கவ்வும் வாய். 10 மி.மீ., 13 மி.மீ. என்று இரண்டு அளவு. சாவி இல்லாமல் கையாலேயே இறுக்கும் சக்தான் இப்போது எல்லாவற்றிலும். கியர் இரண்டு இருக்க வேண்டும்: 1 மெதுவாக, பலமாக, திருகுக்கு. 2 வேகமாக, துளைக்கு. மிஷின் சுற்றும்போது கியரை மாற்றாதீர்கள், பல் உடைந்துவிடும்.

கிளட்ச் பற்றிக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், ஆனால் கார்ட்லெஸ் வாங்குவதன் பாதி லாபமே அதில்தான். சக்குக்குப் பின்னால் எண்கள் போட்ட வளையம் ஒன்று சுழலும். 1, 3, 5 என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் பிட் படம், சில மிஷினில் சுத்தியல் படம். திருகு அந்த எண்ணுக்குரிய இறுக்கத்தை எட்டியதும் 'டர்ர்ர்' என்ற சத்தத்தோடு மோட்டார் வெறுமனே சுற்றும், திருகு நின்றுவிடும். கப்போர்டுகளில் இருக்கும் துகள் பலகை நம் பொறுமையைச் சோதிக்கும் பொருள். அரைச் சுற்று அதிகமானாலும் மரை பிடித்த இடம் பொடிந்து, திருகு ஆட்டம் கண்டுவிடும். அதனால் 3-இல் வைத்துத் தொடங்குங்கள். திருகுத் தலை மேலேயே நின்று டர்ர் என்றால் ஒவ்வோர் எண்ணாக ஏற்றுங்கள். தலை பலகையோடு பலகையாக அமரும் எண் கிடைத்ததும் அதை நினைவில் வைத்துக்கொண்டு மீதிக் கீல்கள் அத்தனையையும் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கலாம். கிளட்ச் இல்லாத மிஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பிரஷ்லெஸ் மோட்டார் என்றால் உள்ளே தேயும் கார்பன் பிரஷ் கிடையாது. அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும், விலையும் கூடும். மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கிற வீட்டில் கார்பன் பிரஷ் தேய்ந்து தீரப் பல வருடமாகும். அந்தப் பணத்தில் இரண்டாவது பேட்டரி வாங்குங்கள்.

ஆறாம் படி: எந்தக் கம்பெனி, என்ன விலை

கார்ட்லெஸில் நாம் வாங்குவது பேட்டரியை. மிஷின் அதோடு வருவது. 1961-இல் பிளாக் அண்ட் டெக்கர் முதல் கார்ட்லெஸ் டிரில்லைக் கொண்டுவந்ததிலிருந்து இன்றுவரை இந்தக் கருவியின் ஆயுள் பேட்டரியின் ஆயுள்தான். ஆகவே கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்த பேட்டரி மட்டும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை?" கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் அடுத்ததைப் பாருங்கள். பெயர் தெரியாத செட்டுகளில் மூன்று வருடம் கழித்து அதே வடிவ பேட்டரி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை.

போஷ், மகிட்டா, டிவால்ட், ஸ்டான்லி, பிளாக் அண்ட் டெக்கர் ஆகியவை ஒரு வரிசை. இங்கோ, டோட்டல் போன்றவை விலையில் ஒரு படி கீழே. இரண்டாவது வரிசையையும் நான் ஒதுக்க மாட்டேன், பக்கத்து ஊரிலாவது சர்வீஸ் இருந்தால். ஸ்டான்லி, டிவால்ட், பிளாக் அண்ட் டெக்கர் மூன்றும் ஒரே குழுமம், ஆனால் ஒன்றின் பேட்டரி மற்றொன்றில் ஏறாது. போஷிலேயே தொழில் செய்பவர்களுக்கான நீல நிறம், வீட்டுக்கான பச்சை நிறம் என்று இரண்டு உண்டு. 18 வோல்ட்டில் நீலத்தின் பேட்டரி பச்சைக்குச் சேராது.

விலை மாறிக்கொண்டே இருக்கும் என்றாலும் ஒரு கணக்குக்கு: நல்ல கம்பெனி 12 வோல்ட் இம்பேக்ட் டிரில், இரண்டு பேட்டரி, சார்ஜர், பெட்டியோடு ஐந்தாறாயிரம் ரூபாய்ப் பக்கம். ஒயர் உள்ள 500, 600 வாட் இம்பேக்ட் டிரில் அதில் பாதி. வீட்டில் சுவர் வேலை மட்டும்தான், திருகு வேலை இல்லவே இல்லை என்றால் ஒயர் உள்ளதை வாங்கிவிட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். ஆன்லைனில் திடீரென்று பாதி விலையில் ஒன்று தெரிந்தால் 'சோலோ' என்ற சொல் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா பாருங்கள். பேட்டரியும் சார்ஜரும் இல்லாத வெறும் உடம்புக்கான விலை அது.

அமெரிக்காவில் இருக்கும் மாமா வாங்கிவருகிறேன் என்றால் சந்தோஷமாகச் சம்மதிக்கும் முன் சார்ஜரைக் கேளுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அங்குள்ள சார்ஜரை இங்கே செருகினால் அன்றே புகைந்துவிடும். துபாய், சிங்கப்பூரிலிருந்து என்றால் அந்தப் பிரச்சினை இல்லை. பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், செக்-இன் பெட்டியில் தனி பேட்டரி போடக் கூடாது. 100 வாட்-அவருக்குக் கீழே இருப்பதால் வீட்டு டிரில் பேட்டரிக்கு விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவைப்படாது.

ஏழாம் படி: கடையில் கையில் எடுத்ததும்

சென்னையில் பாரிமுனைப் பக்கம் போனால் பத்து மிஷினை அடுத்தடுத்துப் பிடித்துப் பார்க்கலாம். மற்ற ஊர்களிலும் பெரிய ஹார்டுவேர் கடையில் ஒன்றாவது பிரித்துக் காட்டுவார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

மெல்லிய நீளப் பிட் ஒன்றை மாட்டச் சொல்லி, விசையை மெதுவாக அழுத்துங்கள். நுனி ஒரே புள்ளியில் நின்று சுற்ற வேண்டும், வட்டம் போட்டால் சக் கோணல். விசையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம் வர வேண்டும். தொட்டதும் முழு வேகத்தில் பாய்ந்தால் திருகு வேலைக்கு உதவாது. விசையை விட்டதும் சக் சட்டென்று நிற்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டுங்கள், ஆடுகிறதா பாருங்கள். சார்ஜர், பேட்டரி முழுதாக உட்காரும் தொட்டியாக இருப்பது நல்லது. செல்போன் போல ஒற்றைப் பின் குத்தும் அடாப்டராக இருந்தால் யோசியுங்கள்.

ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். பவர் டூல்ஸுக்கு 18 சதவீத வரி, "பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். ஆறாவது மாதம் மிஷின் நின்றால் சர்வீஸ் சென்டரில் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள். வாரண்டி பேட்டரிக்கும் உண்டா, மிஷினுக்கு மட்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: பிட்கள்

பெட்டியோடு வரும் ஐம்பது பிட்டுகள் வெறும் கூட்டம். என் செட்டில் இருந்த ஸ்டார் பிட் மூன்றாவது திருகிலேயே முனை மழுங்கிவிட்டது. அப்புறம் அது எல்லாத் திருகின் தலையையும் தேய்த்துக்கொண்டே போனது. தனியாக வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: கார்பைடு முனை வைத்த சுவர் பிட் 6 மி.மீ. இரண்டு, 8 மி.மீ. ஒன்று. மரத்துக்கும் இரும்புக்கும் சேர்த்து ஹெச்.எஸ்.எஸ். பிட் 2, 3, 4, 6 மி.மீ. நல்ல ஸ்டார் பிட், 2-ஆம் நம்பரில் இரண்டு. காந்தம் வைத்த பிட் ஹோல்டர் ஒன்று. குளியலறை டைலுக்கு வேல் முனை பிட் ஒன்று. ஐந்நூறு ரூபாய் சுற்றி ஆகும்.

சுவர் பிட் முனையில் வேறு நிறத்தில் சின்னத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும், அதுதான் கார்பைடு. அது இல்லாத பிட்டைச் சுவரில் வைத்தால் இரண்டே துளையில் மொட்டையாகும்.

ஒன்பதாம் படி: முதல் துளை

எங்கே போடக் கூடாது என்பது முதலில். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஒயர் பைப் ஓடும். அந்தக் கோட்டில் ஒரு கையகலம் இரண்டு பக்கமும் விட்டுவிடுங்கள். குளியலறையில் குழாய்க்கு நேர் மேலே, கீசருக்கு நேர் கீழே கை வைக்காதீர்கள், உள்ளே தண்ணீர் பைப் இருக்கும்.

புள்ளி வைத்த இடத்துக்குக் கீழே, பழைய தபால் கவர் ஒன்றை வாய் திறந்தபடி டேப் போட்டு ஒட்டுங்கள். தூள் முழுக்க அதில் விழும், வீட்டில் திட்டு விழாது. திருகு பிடிக்க நாம் செருகும் பிளாஸ்டிக் துண்டை ஹார்டுவேர் கடையில் ரோல் பிளக் என்பார்கள். ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஆங்கிலேயரின் பெயரிலிருந்து வந்த ராவல் பிளக்தான் நம் வாயில் உருண்டு ரோல் ஆகிவிட்டது. 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட். பிளக்கைப் பிட் பக்கத்தில் வைத்து, அதன் நீளத்துக்கு மேல் அரை சென்டிமீட்டர் விட்டு, பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் சுவரைத் தொட்டால் நிறுத்த வேண்டும்.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சாதாரணக் கண்ணாடியாவது. சுத்தியலை அணைத்து, மெதுவாகச் சுற்றவிட்டு, பூச்சில் ஒரு சின்னக் குழி விழுந்த பிறகு சுத்தியலைப் போட்டு வேகத்தைக் கூட்டுங்கள். மிஷின் சுவருக்கு நேராக இருக்கட்டும். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு தடவை பிட்டைச் சுற்றவிட்டபடியே வெளியே இழுத்துத் தூளைத் தள்ளுங்கள். முழுத் துளையையும் ஒரே மூச்சில் போட நினைப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. தூள் உள்ளே அடைத்து, பிட் சூடாகி, பேட்டரி தீர்ந்துவிடும். துளையை ஊதாதீர்கள், கண்ணுக்குத்தான் வரும். பழைய டூத் பிரஷ்ஷால் தட்டுங்கள்.

டைல் என்றால் கடைசி வரைக்கும் சுத்தியல் கூடாது. மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் புள்ளி வைத்தால் முனை வழுக்காது. டைலைத் தாண்டும்வரை வேல் முனை, பின்னால் சுவர் தெரிந்ததும் சாதாரணச் சுவர் பிட்.

தேக்குக் கதவில் தாழ்ப்பாள் போடுகிறவர்கள் நேராகத் திருகை ஏற்றாதீர்கள். 8-ஆம் நம்பர் திருகு 4.2 மி.மீ. கனம், அதற்கு 3 மி.மீ. பிட்டால் முன்துளை போட்டு, திருகின் மரையைச் சோப்பில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகும். பித்தளைத் திருகு என்றால் கடைசி இரண்டு சுற்றைக் கையாலேயே இறுக்குங்கள், தலை முறிந்தால் எடுக்கவே முடியாது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை சுவரைத் தொடாமல் இருப்பது உத்தமம். கீழ் வீட்டுப் பாட்டி எழுந்து வந்தால் எந்த கிளட்ச்சும் காப்பாற்றாது.

வேலை முடிந்த பிறகு

பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். லித்தியத்துக்குச் சூடு ஆகாது. மே மாதத்தில் கார் டிக்கியிலோ மொட்டை மாடி அறையிலோ வைத்தால் ஒவ்வொரு வெயிலுக்கும் ஆயுள் குறையும். நீண்ட நாள் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அடியோடு காலியாக வருடக்கணக்கில் கிடந்த பேட்டரியைச் சார்ஜர் அடையாளமே காணாமல் போகலாம். சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடாமல் ஆறவிடுங்கள். இரவு முழுக்கச் சார்ஜில் விட்டுவிட்டுத் தூங்குவதும் வேண்டாம்.

செத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. அதனால் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம். என் '48 வோல்ட்' பேட்டரிக்குத் தயாரிப்பாளர் யாரென்றே தெரியவில்லை. முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்குபவர் வரும்வரை பால்கனியில் ஒரு மண் தொட்டிக்குள் வைத்திருந்தேன்.